மாடி ஒழுகுவது ஏன்? கூரை வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி அடைமழை நாலு நாள் பிடித்தால் போதும், பல வீடுகளில் சீலிங் ஓதம் அடிக்க ஆரம்பித்துவிடும். உடனே கடைக்குப் போய் ஒரு வாளி வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் வாங்கி மாடி முழுக்க அடிப்பார்கள். அடுத்த வருஷமும் அதே மூலையில் அதே ஈரம். பழி பெயின்ட் மேல் விழும். ஆனால் மாடியில் தண்ணீர் தேங்கி நிற்கிற வரைக்கும் எந்தப் பூச்சும் நிலைக்காது. ஒழுகும் வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது வாட்டத்தைத்தான், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவை.

நம் ஊர் கான்கிரீட் மாடி மூன்று அடுக்கு. அடியில் கம்பி கட்டி வார்த்த ஸ்லாப். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கட்டையால் தட்டி இறுக்கிய சுருக்கி, சராசரியாக 3 அங்குலம். அதற்கும் மேலே தட்டோடு என்கிற தட்டையான சுட்ட ஓடு. ஸ்லாப் பாரத்தைத் தாங்குகிறது. சுருக்கி வெயிலைத் தடுத்து, தண்ணீருக்கு வாட்டமும் கொடுக்கிறது. தட்டோடு மழையை வழித்துவிடுகிறது. எந்த அடுக்கில் குறை என்று தெரியாமல் செலவு செய்வதுதான் முதல் தவறு.

வாட்டம் 60-க்கு 1 இருந்தால் நல்லது. அதாவது 10 அடிக்கு 2 அங்குலம். 20 அடி தூரத்துக்கு ஒரே பக்கம் தண்ணீரை ஓட்டினால் எதிர்க் கோடியில் 4 அங்குலம் கூடுதலாக ஏற்ற வேண்டிவரும். மேஸ்திரி அத்தனை கனம் போடத் தயங்கி வாட்டத்தைக் குறைத்துவிடுவார். நடுவில் மேடாக்கி இரண்டு பக்கமும் பிரித்துவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை. வேலை தொடங்குமுன் நாலு மூலையிலும் மட்டம் குறித்து, நூல் கட்டிக் காட்டச் சொல்லுங்கள். கண் மட்டத்தை நம்பிப் போட்ட மாடியில் எங்காவது பள்ளம் விழாமல் இருக்காது.

இருக்கிற மாடியைச் சோதிக்கச் சுலபமான வழி உண்டு. மழை விட்டு வெயில் அடித்ததும் மேலே ஏறிப் பாருங்கள். தண்ணீர் நின்று காய்ந்த இடத்தில் வண்டல் வட்டமாகப் படிந்திருக்கும். அந்த வட்டத்துக்குள் ஓட்டு இடுக்குகளில் பாசி கறுத்திருக்கும். பிறகு மழைநீர்க் குழாயின் வாயைக் குனிந்து பாருங்கள். பல வீடுகளில் அது சுற்றியுள்ள தட்டோட்டைவிட அரை அங்குலம் தூக்கலாக நிற்கும். உள்ளே பூச்சுவேலையின்போது விழுந்த கலவை இறுகிப் பாதி அடைத்திருக்கும். அந்த அரை அங்குலத்துக்கு மாடியே தண்ணீரைச் சுமக்கிறது. வாயைச் சுற்றி ஒரு அடி அகலத்துக்குக் கொத்தி எடுத்து, கிண்ணம்போல் இறக்கிப் பூசினால் பாதிப் பிரச்சினை தீரும். சுமார் 400 சதுர அடிக்கு ஒரு 4 அங்குலக் குழாய் என்பது பொதுவான கணக்கு. சின்ன மாடியானாலும் இரண்டு வையுங்கள், ஒன்றில் இலை அடைத்துக்கொண்டாலும் மற்றொன்று ஓடும்.

பழைய சுருக்கி கெட்டுவிட்டது என்று அதன் மேலேயே இன்னொரு சுருக்கி போடுவது நான் பார்ப்பதிலேயே அபாயமான தவறு. 3 அங்குலச் சுருக்கி சதுர அடிக்கு ஏறக்குறைய 13 கிலோ எடை. 1,000 சதுர அடி மாடியில் 13 டன் ஏறிவிடும். ஆட்கள் ஏறிப் புழங்கும் மாடிக்கு ஐ.எஸ். 875 என்கிற இந்தியக் கட்டடப் பார விதி கணக்கில் எடுக்கச் சொல்லும் புழங்கு பாரமே சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது சதுர அடிக்குச் சுமார் 14 கிலோதான். புதுச் சுருக்கி ஒன்றே அந்த இடத்தை விழுங்கிவிடுகிறது. துணி காயப்போட, நாலு பேர் நிற்க, தண்ணீர்த் தொட்டி வைக்க என்ன மிச்சம்? கூலி கூடினாலும் பழையதை ஸ்லாப் வரை பெயர்த்து எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும். பெயர்க்கும்போது ஸ்லாப்பின் விரிசல்களும் கண்ணில் படும்.

அடுத்தது கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை. வெயிலில் ஸ்லாப் விரியும், இரவில் சுருங்கும். மேலே கட்டிய செங்கல் சுவர் அதே அளவுக்கு அசையாது. அதனால் அங்கே மயிரிழை விரிசல் விழும், வெளியே தெரியாமலே தண்ணீர் இறங்கும். மூலையைச் செங்குத்தாக விடாமல் கால்வட்டமாகப் பூசி, வாட்டர்ப்ரூஃப் பூச்சைச் சுவரில் ஒரு அடி உயரம் ஏற்ற வேண்டும். தளத்தோடு நிறுத்திவிட்டால் பலனில்லை. கைப்பிடிச் சுவரின் தலையும் தட்டையாக இருக்கக் கூடாது, மாடிப் பக்கம் சாய்வாக இருக்கட்டும்.

புதிதாக வார்ப்பவர்களுக்கு மூன்றே விஷயம். கம்பியைத் தூக்கிப் பிடிக்க அடியில் 20 மி.மீ. கவர் பிளாக் (சிறு கட்டை) வையுங்கள், உடைந்த ஜல்லியை முட்டுக் கொடுக்க விடாதீர்கள். கலவை இறுகுகிறது என்று வாளி வாளியாகத் தண்ணீர் விடுவதைத் தடுங்கள். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தும் க்யூரிங்கை, பிபிசி (நிலக்கரிச் சாம்பல் போன்றவை கலந்த) சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள் செய்யுங்கள். 14 நாள் செய்தால் இன்னும் நல்லது.

சீலிங்கில் காரை பெயர்ந்து துருக்கம்பி தெரிந்தால் அப்படியே சிமென்ட் வைத்து அப்பிவிடுவார்கள். துரு ஏறிய இரும்பு தன் பழைய அளவைவிடப் பல மடங்கு உப்பும்; அப்பியதை அதுவே தள்ளிவிடும். கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தி, கம்பி பிரஷால் துருவைத் தேய்த்து, துரு தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த கலவையால் மூட வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் கொத்தனாரோடு நிறுத்தாமல் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரை அழையுங்கள். மேலே ஒழுகலை நிறுத்தாமல் கீழே செய்யும் வேலை எதுவும் நிற்காது.

சீமை ஓட்டு வீடுகளில் உடைந்த ஓட்டுக்குச் சிமென்ட் ஒட்டுப்போட வேண்டாம். 1865-ல் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு மங்களூரில் சூளை தொடங்கிய காலத்திலிருந்தே இந்த ஓடு ஒன்றோடொன்று கவ்வி நிற்பதற்கென்று செய்யப்படுவது. ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டத்திலிருந்து ஒன்றைத் தூக்கி எடுத்து வேறொன்றைச் செருகிவிடலாம். கலவை பிடித்து நிற்க வேண்டிய இடம் முகட்டு ஓடு மட்டுமே.

ஷீட் கூரையில் போல்ட்டுக்கான துளை எப்போதும் வளைவின் மேட்டில் போட வேண்டும். பள்ளத்தில் போட்டால் ஓடும் தண்ணீரே துளைக்கு வந்து நிற்கும். வாஷர் இல்லாமல் ஜே போல்ட் (கொக்கி போல்ட்) முடுக்காதீர்கள். மேல் ஷீட் கீழ் ஷீட்டின்மேல் 6 அங்குலமாவது ஏறியிருக்கட்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் காயவைத்து அறுப்பதும் பாசி சுரண்டுவதும் கூடவே கூடாது. அந்தத் தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்றே உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இவ்வளவும் சரியான பிறகு பூச்சுக்கு வாருங்கள். விரிசலின்மேல் நேராகப் பூசாமல், அதை 'வி' வடிவில் விரித்து, நிரப்பி, காய்ந்தபின் இரண்டு கோட்: முதல் கோட் ஒரு திசையில், அடுத்தது அதற்குக் குறுக்கே. உச்சி வெயிலில் அடித்தால் குமிழ் விழும். ஆவணிக்குள், காலை வேளையில் முடித்துவிடுவது நல்லது.

காய்ந்ததும் குழாய் வாய்களை அடைத்து, வாட்டத்துக்குக் குறுக்கே சின்ன வரப்புகள் கட்டி, பகுதி பகுதியாக 2 அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். 48 மணி நேரம் அப்படியே விட்டு, கீழே ஒவ்வொரு மூலையையும் கையால் தொட்டுப் பாருங்கள். கான்ட்ராக்டருக்கான கடைசித் தவணையை அதுவரை கொடுக்காதீர்கள்.