மாவுத் தட்டும் நிலாப் பள்ளங்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையிலேயே செய்துவிடக்கூடிய சோதனை ஒன்று உண்டு. தட்டில் கோதுமை மாவைப் பரப்பி, மேலே மைலோ தூளை மெல்லியதாகத் தூவி, ஒரு கோலிக்குண்டைப் போட்டால், நிலாவில் காண்பது போன்ற பள்ளமும் அதைச் சுற்றி வெண்கீற்றுகளும் உண்டாகும். அழகான சோதனைதான், ஆனால் விண்கல் பள்ளங்களைப் பற்றிய தவறான எண்ணங்கள் பலவற்றை ஊட்டிவிடுவதும் இதே தட்டுதான்.

ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் கோலி, வினாடிக்கு 4.4 மீட்டர் வேகத்தில் மாவைத் தொடுகிறது. விண்கல்லோ வினாடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் வரக்கூடியது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், ஒரே எடையுள்ள இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 15 மில்லியன் மடங்கு வேறுபாடு எழுகிறது. கோலி மாவை ஒதுக்கித் தள்ளுகிறது. விண்கல்லோ பாறைக்குள் ஒலி செல்லும் வேகத்தையும் மிஞ்சி வந்து, அதிர்ச்சி அலையை எழுப்பி, தானும் பெரும்பகுதி உருகி, ஆவியாகி, சிதறிவிடுகிறது.

ஆகவே, பள்ளத்தின் அடியில் கல் புதைந்திருக்கும் என்று எண்ணுவது முதல் தவறு. அமெரிக்காவின் அரிசோனாவில் 1.2 கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளத்தில் பெரும் இரும்புப் பாளம் கிடைக்கும் என நம்பிய டேனியல் பேரிங்கர், 1903இல் தொடங்கி கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் துளையிட்டும் அதைக் காணவில்லை. பள்ளத்தை உண்டாக்கிய கல்லின் குறுக்களவு 50 மீட்டர் அளவே இருந்திருக்கும்.

சாய்வாக மோதினால் பள்ளம் நீள்வட்டமாகும் என்பது அடுத்த தவறு. மாவில் அப்படித்தான் நேரும். உண்மையான மோதலில் ஆற்றல் வெடிப்பைப் போலச் சிறு இடத்திலிருந்து எல்லாத் திசையிலும் பரவுவதால், தரையோடு கல் அமைக்கும் கோணம் ஏறக்குறைய 15 பாகைக்கும் குறைந்தால்தான் வட்டம் நீளத் தொடங்கும்.

மூன்றாவது தவறுதான் எனக்கு மிகவும் சுவையானது: அகலம் கூடினால் ஆழமும் அதே விகிதத்தில் கூடும் என்பது. சிறிய பள்ளங்கள் கிண்ணம்போல, அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஆழத்துடன் இருக்கும். சிங்கப்பூர்த் தீவு முழுவதையும் உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும் அளவுக்கு, 85 கிலோமீட்டர் அகலமுள்ள நிலாவின் டைக்கோ பள்ளத்துக்கோ ஆழம் 5 கிலோமீட்டர்கூட இல்லை. அத்தனை பெரிய குழியின் சுவர்களைப் பாறையின் வலிமையால் தாங்க முடியாது; ஈர்ப்பு விசை அவற்றைப் படிப்படியாகச் சரிக்க, அடித்தளம் மேலெழும்பி நடுவில் சிகரமாக நின்றுவிடுகிறது. அது எரிமலையும் அன்று, விண்கல்லின் மிச்சமும் அன்று. பூமியில் 2 முதல் 4 கிலோமீட்டர் அகலத்திலேயே தொடங்கும் இந்த மாற்றம், ஈர்ப்பு ஆறில் ஒரு பங்காக உள்ள நிலாவில் 15 கிலோமீட்டருக்கு மேல்தான் தொடங்குகிறது.

இதையெல்லாம் பௌர்ணமியன்று தேடுவதும் தவறே. அப்போது நிழல் இருக்காது. வளர்பிறை நவமி, தசமி மாலைகளில் வானம் தெளிந்திருந்தால், சிறு தொலைநோக்கியிலேயே டைக்கோவின் நடுச் சிகரத்தையும் அதன் நிழலையும் காணலாம்.