கொல்லையில் டெங்குக் கொசு: ஸ்கிராட்ச்சில் உங்கள் முதல் அறிவியல் விளையாட்டு

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துவிட்டால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் டெங்கு விழிப்புணர்வுப் பேச்சும் தொடங்கிவிடும். பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டால், "நல்ல தண்ணியில வளரும், பகல்ல கடிக்கும், பேரு ஏடிஸ்" என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். அதே பிள்ளையின் வீட்டுக் கொல்லையில் கிடக்கிற பழைய ஆட்டுக்கல்லில் புழு நெளிந்துகொண்டிருக்கும். வாயில் இருக்கிற பாடம் கைக்கு இறங்கவில்லை. அதை இறக்கிவைக்க ஒரு நல்ல கணினி விளையாட்டால் முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எல்லா விளையாட்டாலும் முடியாது. கல்வி விளையாட்டு என்ற பெயரில் வருகிற பலவற்றில் பிள்ளை ஓடுகிறது, குதிக்கிறது, காசு பொறுக்குகிறது. நடுவில் ஒரு கேள்வி சுங்கச்சாவடி மாதிரி வழியை மறிக்கிறது. பதிலை அழுத்திவிட்டு மறுபடி ஓட்டம். அந்தக் கேள்வியை எடுத்துவிட்டாலும் ஆட்டம் அப்படியேதான் இருக்கும். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடுகிற பரமபதத்தில் ஒரு கேள்விகூடக் கிடையாது. ஏணியும் பாம்புமே சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகின்றன. வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2008-ல் வெளியிட்ட ஃபோல்டிட் விளையாட்டும் இப்படித்தான். புரதம் எப்படி மடங்கும் என்ற அறிவியலே அதில் ஆட்டவிதி. குரங்குகளுக்கு எய்ட்ஸ் போன்ற நோயைத் தரும் ஒரு வைரஸின் நொதி எந்த வடிவத்தில் இருக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகள் தேடிக்கொண்டிருந்தார்கள். அதை ஃபோல்டிட் ஆடியவர்கள் சுமார் மூன்றே வாரத்தில் பிடித்துவிட்டார்கள். 2011-ல் அது ஆய்விதழிலும் வெளியானது.

நாம் செய்யப்போவது மிகச் சிறியது. ஆனால் அதிலும் அறிவியல்தான் விதியாக இருக்கும். நிரல் எழுதிப் பழக்கமே இல்லாத ஆசிரியர், பெற்றோர், கல்லூரி மாணவர் யாரும் இதைச் செய்யலாம்.

படி 1: கணினியைத் தொடாமல் விதியை எழுதுங்கள்

பெரும்பாலானவர்கள் அவசரப்பட்டுத் தாண்டிவிடும் படி இது. இங்கே செலவழிக்கிற நேரம் வீண்போகாது. முதலில் உண்மைகளைத் தாளில் எழுதுவோம்.

ஏடிஸ் எஜிப்டி பெண் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உட்சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கும். தண்ணீர் ஏறி முட்டை நனைந்தால் புழு வெளிவரும். புழு கூட்டுப்புழுவாகி, கூட்டுப்புழு கொசுவாகிப் பறக்க மொத்தம் 7 முதல் 10 நாள் ஆகும். இனிமேல்தான் முக்கியமான செய்தி. தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் சுவரில் ஒட்டிய முட்டை சாகாது. காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில், 8 மாதம் வரைகூட, உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். சித்திரை வெயிலில் காய்ந்து கிடந்த டயர் ஐப்பசி மழையில் கொசுவை அனுப்புவது இதனால்தான்.

இதிலிருந்து நான்கு விதிகள் கிடைக்கின்றன. தண்ணீர் நின்று 8 நாள் கவனிக்காமல் விட்டால் ஒரு கொசு பறக்கும். கொட்டினால் புழு போகும், முட்டை போகாது. தேங்காய் நாரால் தேய்த்தால்தான் முட்டை போகும். ஒரு நாளைக்கு ஒரு வேலைதான் செய்யமுடியும்: ஒன்று கொட்டலாம், அல்லது ஒன்றைத் தேய்க்கலாம்.

கடைசி விதி கொசுவைப் பற்றியது அல்ல, நம்மைப் பற்றியது. நடவு, களை, பள்ளிக்கூடம், சமையல் என்று ஓடுகிற வீட்டில் யாருக்கும் நேரம் இல்லை என்பதும் உண்மைதானே. அது விதிக்குள் வந்தால்தான் பிள்ளை யோசித்து ஆடும்.

இப்போது தரையில் சாக்கட்டியால் ஆறு வட்டம் போடுங்கள். புளியங்கொட்டைகளை முட்டையாக வைத்துப் பிள்ளைகளோடு ஒரு முறை ஆடிப்பாருங்கள். தரையில் சுவைக்காத ஆட்டம் திரையிலும் சுவைக்காது.

படி 2: ஸ்கிராட்ச்சைத் தயார்செய்யுங்கள்

ஸ்கிராட்ச் என்பது அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேப் 2007-ல் பொதுமக்களுக்கு வெளியிட்ட இலவச மென்பொருள். வண்ண வண்ண பிளாக்குகளை இழுத்துப் பொருத்தினால் அதுவே நிரல். இணையத்தில் நேரடியாகவும் பயன்படுத்தலாம். கணினியில் ஒருமுறை நிறுவிக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் சிக்னல் படுத்துவிடும் என்பதால் நிறுவிக்கொள்வதே நல்லது. பள்ளி ஹைடெக் லேப் கணினி போதும், அரசு கொடுத்த பழைய லேப்டாப்பும் போதும்.

மேல்பட்டையில் மொழி மாற்றும் இடத்தில் உங்களுக்குப் பழகிய மொழியைத் தேர்ந்தெடுங்கள். கீழே நான் பிளாக்குகளை நிறத்தோடு சொல்கிறேன். நிறத்தைப் பிடித்துக்கொண்டால் தேடுவது சுலபம்.

படி 3: படங்கள்

உங்கள் கொல்லையையே போனில் படமெடுத்துப் பின்னணியாக வையுங்கள். கடையில் வாங்கிய கார்ட்டூன் தோட்டத்தைவிட, "ஐ, இது எங்க வீட்டு முருங்கை!" என்று பிள்ளை கத்துகிற படம் பத்து மடங்கு மேல். படத்தில் யார் முகமும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஒரு ஸ்பிரைட், அதாவது ஆட்டத்தில் இயங்கும் ஒரு பொருள். கொட்டாங்குச்சியில் தொடங்குவோம். அதற்கு ஐந்து உடைகள், அதாவது ஐந்து தோற்றங்கள், வரையுங்கள்: சுத்தமான காலி, தண்ணீர், தண்ணீரில் புழு, தண்ணீரில் கூட்டுப்புழு, உட்சுவரில் கரும்புள்ளிகளோடு காலி. அந்தக் கரும்புள்ளிகள்தான் முட்டை. அவை என்னவென்று ஆட்டத்தின் தொடக்கத்தில் சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகள் தாங்களே கேட்கட்டும்.

தேங்காய் நாருக்குத் தனியாக ஒரு ஸ்பிரைட் வேண்டும். பெயர் "நார்".

படி 4: மாறிகள்

அடர் ஆரஞ்சுப் பகுதியில் மாறி உருவாக்கும் பொத்தான் இருக்கிறது. மாறி என்றால் ஒரு எண்ணைப் போட்டுவைக்கும் டப்பி. "நாள்", "கொசு", "கை" மூன்றையும் எல்லா ஸ்பிரைட்டுக்கும் பொதுவாக உருவாக்குங்கள். இதில் "கை" என்பது அன்று இன்னும் செய்ய மிச்சமிருக்கிற வேலை. "நீர்", "வயது", "முட்டை" மூன்றையும் கொட்டாங்குச்சியைத் தேர்ந்தெடுத்து, இந்த ஸ்பிரைட்டுக்கு மட்டும் என்ற வாய்ப்பைக் குறித்து உருவாக்குங்கள். இதை மறந்தால் டயரில் தண்ணீர் தேங்கினாலே கொட்டாங்குச்சியிலும் தேங்கியதாகக் கணக்காகி, எல்லாப் பாத்திரமும் ஒரே வயதில் நிற்கும். புதிதாகச் செய்கிறவர்கள் சிக்கிக்கொள்கிற இடம் இதுதான்.

படி 5: நாளை ஓடவிடுங்கள்

வலது ஓரத்தில் மேடையைத் தேர்ந்தெடுங்கள். மஞ்சள் பகுதியிலிருந்து பச்சைக்கொடி பிளாக். அதன் கீழே நாள் 0, கொசு 0, கை 1. பிறகு ஆரஞ்சுப் பகுதியிலிருந்து 30 முறை திரும்பச் செய்யும் பிளாக். அதற்குள் இந்த வரிசையில்: 3 விநாடி காத்திரு, நாளை 1 கூட்டு, கையை 1 ஆக்கு, "புதுநாள்" என்ற செய்தியை ஒலிபரப்பு. செய்தி அனுப்புவது மஞ்சளில் இருக்கிறது. முப்பது நாள் முடிந்ததும் எல்லாவற்றையும் நிறுத்தும் பிளாக்.

படி 6: கொட்டாங்குச்சியின் நிரல்

பச்சைக்கொடியில் நீர், வயது, முட்டை மூன்றும் 0. உடை சுத்தமான காலி.

"புதுநாள்" செய்தி வரும்போது நடப்பதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். "இருந்தால், இல்லாவிட்டால்" பிளாக் ஒன்றைப் போட்டு, நீர் 0 ஆக இருக்கிறதா என்று கேளுங்கள்.

நீர் 0 என்றால் அது காய்ந்த பாத்திரம். பச்சைப் பகுதியில் 1 முதல் 4 வரை எதேச்சையாக ஒரு எண் தரும் பிளாக் இருக்கும். அது 1 தந்தால் மழை பெய்ததாகக் கொள்ளுங்கள்: நீர் 1, உடை தண்ணீர். கூடவே ஒரு சோதனை: முட்டை 1 ஆக இருந்தால் வயதை 2 என்று வையுங்கள், இல்லாவிட்டால் 0. தேய்க்காமல் விட்ட பாத்திரம் இரண்டு நாள் முந்திக்கொள்வது இந்த ஒரு வரியால்தான்.

நீர் 1 என்றால் வயதை 1 கூட்டுங்கள், முட்டையை 1 ஆக்குங்கள். வயது 3 ஆனால் புழு உடை. 6 ஆனால் கூட்டுப்புழு உடை. 8 ஆனால் கொசுவை 1 கூட்டி, வயதை 0 ஆக்கி, தண்ணீர் உடைக்குத் திரும்புங்கள்.

கொட்டுவதற்கு: இந்த ஸ்பிரைட்டைச் சொடுக்கும்போது, கை 0-ஐவிட அதிகமாகவும் நீர் 1 ஆகவும் இருந்தால், கையில் 1 குறை, நீர் 0, வயது 0, உடை கரும்புள்ளிக் காலி அல்லது சுத்தமான காலி. எந்த உடை என்பதை முட்டையின் எண் சொல்லும்.

தேய்ப்பதற்கு: பச்சைக்கொடியின் கீழ் இன்னொரு துண்டு நிரல். எப்போதும் சுழலும் பிளாக்குக்குள், நாரைத் தொடுகிறதா, நீர் 0 தானா, முட்டை 1 தானா, கை மிச்சமிருக்கிறதா என்ற நான்கையும் கேளுங்கள். எல்லாம் ஆம் என்றால் முட்டை 0, கையில் 1 குறை, உடை சுத்தமான காலி. நாரின் நிரலில் அதை இழுக்கக்கூடியதாக மாற்றும் பிளாக்கைச் சேர்க்க மறக்காதீர்கள். அது வெளிர் நீலப் பகுதியில் இருக்கிறது.

ஓட்டிப்பாருங்கள். ஒன்று சரியாக ஓடினால், வலது கிளிக் செய்து ஐந்து நகல் எடுங்கள். நிரலும் சேர்ந்தே நகலாகும். டயர், ஆட்டுக்கல், உடைந்த மண்பானை, பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜ் பின்னாலுள்ள தட்டு என்று உடைகளை மட்டும் மாற்றுங்கள். ஃபிரிட்ஜ் தட்டில் மழை விழாது, ஃபிரிட்ஜில் பனி உருகிய நீர்தான் சேரும் என்று ஒரு பிள்ளை திருத்தினால், அந்தப் பிள்ளையையே விதியை மாற்றச் சொல்லுங்கள்.

படி 7: டிரம்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. குழாயில் எப்போதாவது வருகிற தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்துத்தான் பல வீடுகள் ஓடுகின்றன. அந்தத் தண்ணீரைக் கொட்டச் சொல்கிற விளையாட்டு நம் பெண்களின் உழைப்பை மதிக்காத விளையாட்டு. அதனால் டிரம்மைச் சொடுக்கினால் தண்ணீர் கொட்டக்கூடாது, வாயில் துணி கட்டவேண்டும். "மூடி" என்று ஒரு மாறி. அது 1 ஆக இருக்கும்வரை வயது ஏறாது. ஐந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் பிடிக்கத் துணியை அவிழ்ப்பார்கள், மூடி தானே 0 ஆகிவிடும். மறுபடி கட்ட ஒரு கை செலவாகும்.

படி 8: ஆடவிட்டுப் பாருங்கள்

பக்கத்தில் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள். கடினமான படி இதுதான், ஏனென்றால் நமக்குச் சொல்லித்தரும் கை அரிக்கும். முதல் ஆட்டத்தில் எல்லாரும் புழு தெரிகிற பாத்திரத்தையே துரத்துவார்கள். பிறகு, "இது கொட்டுன பானைதானே, அதுக்குள்ள எப்படிப் புழு வந்துச்சு?" என்று ஒரு குரல் எழும். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு வேலை. அப்போது பேசுங்கள்.

தோற்றால் மண்டையோடு, மருத்துவமனை, அழுகை என்று எதையும் காட்டாதீர்கள். வீட்டில் காய்ச்சலால் யாரையாவது இழந்த பிள்ளையும் அந்த வகுப்பில் இருக்கலாம். கொசுவின் எண்ணிக்கை மட்டும் தெரிந்தால் போதும்.

ஆட்டம் முடிந்த கையோடு எல்லாரையும் கொல்லைக்கு அழைத்துப்போங்கள். புழு கிடைத்தால் கண்ணாடிச் சீசாவில் எடுத்து டார்ச் அடித்துக் காட்டுங்கள். நீர்ப்பரப்புக்கு வந்து தலைகீழாகத் தொங்கி வால்பக்கக் குழாயால் மூச்சுவிடுவதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். பார்த்து முடித்ததும் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள், சாக்கடையில் வேண்டாம். சீசாவையும் தேய்த்துக் கழுவுங்கள்.

ஒரு எச்சரிக்கை: விளையாட்டு தடுப்பைத்தான் கற்பிக்கும். காய்ச்சல் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான் போகவேண்டும். டெங்கு என்ற சந்தேகம் இருக்கும்போது ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் மாத்திரைகளை நாமாக வாங்கிப் போடக்கூடாது. ரத்தக்கசிவு ஆபத்து கூடும். சந்தேகம் கேட்க 104 எண் இருக்கிறது.

படி 9: கோப்பைப் பகிர்ந்து, விதியை மாற்றச் சொல்லுங்கள்

கோப்பைச் சேமித்துப் பென்டிரைவிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பலாம். வாங்குகிறவர் ஸ்கிராட்ச்சில் திறந்தால் உள்ளே இருக்கும் எல்லா பிளாக்குகளும் தெரியும். ஆடுகிற பிள்ளை ஆக்குகிற பிள்ளையாக மாறுவது இங்கேதான். அடுத்ததற்கு எலிக்காய்ச்சலைக் கொடுங்கள். எலியின் சிறுநீரிலுள்ள பாக்டீரியா வயல் நீரில் கலந்து, காலிலுள்ள புண், வெடிப்பு வழியாக உடம்புக்குள் போகிறது. சம்பா நடவில் நிற்கிற அம்மாவின் கால் வெடிப்பு ஒரு மாறி, வரப்பிலுள்ள எலி வளை இன்னொன்று. மூன்றாவது மாறி என்னவாக இருக்கவேண்டும் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள்.