வெள்ளைச் சீருடையில் முகம் ஏன் கறுக்கிறது? மாணவருக்குப் போன் கமெராவில் முதற்பாடம்

தரம் 9, 10 பிள்ளைகளுக்கு நாலு பேருக்கு ஒரு போன் போதும். லென்ஸைப் பருத்தித் துணியால் துடைக்க வையுங்கள். முகத்தை மெருகேற்றும் பியூட்டி, வெளிச்சத்தையும் இருளையும் தானே சமன்செய்யும் எச்.டி.ஆர். இரண்டையும் நிறுத்துங்கள், அவை பிழையை மூடி மறைத்துவிடும். போனோடு வரும் கமெராவை விட ஓப்பன் கமெரா என்ற இலவச அன்ட்ரொயிட் செயலிதான் வகுப்புக்கு நல்லது. எந்தப் போனிலும் திரை ஒரே மாதிரி இருக்கும், எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்கு எடுக்கும் வெளிச்சத்தின் அளவை, கூட்டலாம், குறைக்கலாம், பூட்டலாம்.

முதற்படி, மூன்று படங்கள். விறாந்தை நிழலில் ஒரு வெள்ளைச் சட்டை, சீமெந்துச் சுவர், விரித்த கறுப்புக் குடை. ஒவ்வொன்றும் திரையை முழுதாக நிரப்பவேண்டும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல்: சட்டை ஊத்தையாக, குடை வெளிறி. வகுப்பு தடக்குப்படுவது இங்கேதான். பிள்ளை தள்ளி நின்று எடுத்தால் ஓரத்தில் வானமோ முகமோ வந்துவிடும், சாம்பல் வராது, பாடமும் விளங்காது. கிட்டப் போகச் சொல்லுங்கள். படம் தெளிவில்லாவிட்டாலும் பரவாயில்லை.

கமெராவுக்கு வெள்ளை எது, கறுப்பு எது என்று தெரியாது. முன்னால் உள்ளதெல்லாம் 18 சதவீத ஒளியைத் திருப்பும் நடுச்சாம்பல் என்று எண்ணி அளக்கிறது. வெள்ளை நிறைந்திருந்தால் வெளிச்சம் கூடிவிட்டதென்று குறைக்கும். வகுப்புப் படத்தில் வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவே முகங்கள் கறுப்பது அதனால்தான். பிழை பிள்ளையின் தோலில் இல்லை, கமெரா வெளிச்சத்தை அளப்பதில். இதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, எக்ஸ்போஷரைச் சட்டைக்கு +1, குடைக்கு −1 வைத்து மறுபடி எடுக்கட்டும். +1 என்றால் இருமடங்கு வெளிச்சம். வெளியே போய்ப் பழக யாழ். பொது நூலகம் நல்ல இடம். அந்த வெள்ளைச் சுவரும் திரையை நிரப்பினால் +1 கேட்கும்.

கடைசியாக முகம். பள்ளி விடும் 1.30 மணிக்கு வெயில் மேலிருந்து விழுந்து கண்குழி இருண்டுவிடும். விறாந்தை விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே, வெளியே பார்த்தபடி நிற்க வையுங்கள். வேப்பமர நிழல் வேண்டாம், முகத்தில் பொட்டுப் பொட்டாக வெயில் விழும். திரையில் முகத்தைத் தொட்டு எக்ஸ்போஷரைப் பூட்டுங்கள்; அளவு முகத்துக்கு மாறிவிடுவதால் மேலே கூட்டத் தேவையில்லை. சட்டை அளவுக்கு மீறி வெளுத்துப் பையின் தையல் மறைந்தால் −0.3க்கு இறக்கி, இடுப்பளவில் வெள்ளை றெஜிபோம் தட்டொன்றை முகத்தை நோக்கிச் சரித்துப் பிடியுங்கள்.

படங்களை வாட்ஸ்அப்பில் டொக்கியுமென்டாகவே வாங்குங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு), ஷட்டர் (ஒளி விழும் நேரம்) விவரங்களும் அழிந்து, யார் என்ன வைத்து எடுத்தார் என்று பார்த்துத் திருத்த முடியாது.