ஊட்டுவதை விட்டுப் பரிமாறப் பழகுவோம்: பிள்ளைகளின் சாப்பாட்டுப் பழக்கத்தை வீட்டிலேயே மாற்றும் வழி

5 வயது மகனுக்கு இரண்டு இட்லி ஊட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். என் ஒரு கையில் கிண்ணம், மறு கையில் கைபேசி. திரையில் பொம்மைப் படம் ஓடினால்தான் வாய் திறக்கும். 14 வயது மகளோ காலையில் அரை டம்ளர் காபியோடு பள்ளி வேனில் ஏறிவிடுவாள். கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸ் பாதி நாள் அப்படியே திரும்பி வரும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீடு இப்படித்தான் இருந்தது. இதே நிலையில் எங்கே தொடங்குவது என்று திகைத்து நிற்பவர்களுக்காக, நாங்கள் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். தனிச் சமையல் எதுவும் வேண்டாம். வீட்டில் வைக்கும் சோறு, குழம்பு, பொரியலே போதும்.

முதல் படி: ஒரு வாரம் எழுதி வையுங்கள்

எதையும் மாற்றாதீர்கள். ஒரு பழைய நோட்டில் ஏழு நாள், பிள்ளை எத்தனை மணிக்கு என்ன தின்றது, எங்கே உட்கார்ந்து தின்றது என்று மட்டும் குறியுங்கள். தண்ணீர் தவிர வாய்க்குள் போகும் எல்லாமும் அதில் வர வேண்டும்.

எங்கள் நோட்டில் ஒரு மாலை இது: 4.45 மணிக்கு நான்கு கிரீம் பிஸ்கட், இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட பால். 6 மணிக்குத் தொலைக்காட்சி முன்னால் மிக்சர். 7.15க்குத் தாத்தா கடைக்குப் போய்வந்தபோது வாங்கிவந்த சிப்ஸ் பாக்கெட். 8 மணிக்குத் தோசைக்குக் கூப்பிட்டால் "பசிக்கவில்லை." இந்தப் பிள்ளைக்குச் சாப்பாடே பிடிக்கவில்லை என்று எத்தனையோ பேரிடம் புலம்பியிருக்கிறோம். அவன் வயிற்றில் இடமே இல்லை என்பது நோட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது.

இரண்டாம் படி: வேளைகளை முடிவு செய்யுங்கள்

மூன்று சாப்பாடு, இடையில் இரண்டு சிறுதீனி. இவ்வளவுதான். இந்த வேளைகளுக்கு நடுவே தண்ணீர் மட்டும். சிறு பிள்ளைக்கு இரண்டரை மணி முதல் மூன்று மணி நேர இடைவெளி இருந்தால் பசி தானாக வரும்.

மாலைத் தீனியில்தான் எல்லாம் இருக்கிறது. பள்ளிவிட்டு வரும் பிள்ளை உண்மையாகவே பசியோடு வருகிறது. அந்தப் பசியை பிஸ்கட்டில் வீணாக்கக் கூடாது. சுண்டல், அவித்த மரவள்ளிக்கிழங்கு, கேழ்வரகு அடை, பொட்டுக்கடலை உருண்டை, தை மாதமானால் பனங்கிழங்கு என்று வயிறு கேட்பதைக் கொடுங்கள். 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வேர்க்கடலையையும் திராட்சையையும் முழுதாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கடலையைப் பொடித்தும் திராட்சையை நீளவாக்கில் நறுக்கியும் கொடுங்கள்.

மூன்றாம் படி: மளிகைப் பட்டியலைத் திருத்துங்கள்

வீட்டில் சிப்ஸ் பாக்கெட்டை வைத்துக்கொண்டு "தொடாதே" என்று சொல்வது பிள்ளைக்குச் செய்யும் கொடுமை. வாங்காமல் இருப்பதே எளிது. பிள்ளையின் கை எட்டும் தட்டில் வாழைப்பழமும் கொய்யாவும் இருக்கட்டும்.

பாக்கெட்டை வாங்குவதற்கு முன் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானங்கள் எடை அதிகமானதிலிருந்து குறைந்ததற்கு என்ற வரிசையில்தான் அச்சாகியிருக்கும். முதல் மூன்றில் சர்க்கரை இருந்தால் அது இனிப்புப் பண்டம். அட்டையில் கோதுமைக் கதிர் வரைந்திருந்தாலும் அப்படித்தான். பாலில் கலக்கும் மாவுகளுக்கும் இதே கணக்கு. அத்தகைய பானங்களை "ஹெல்த் டிரிங்க்" என்ற பிரிவில் வைத்து விற்காதீர்கள் என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு மத்திய வணிக அமைச்சகம் 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது. எங்கள் வீட்டில் பல ஆண்டுகள் அதைத்தான் சத்துமாவு என்று நம்பிக் கலக்கினேன்.

சர்க்கரைக்கு ஓர் அளவு சொல்கிறேன். சேர்க்கும் சர்க்கரையிலிருந்து வரும் கலோரி ஒரு நாள் தேவையில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சுமார் 1,350 கலோரி தேவைப்படும் 5 வயதுப் பிள்ளைக்கு அது 34 கிராம். 300 மி.லி. கோலா பாட்டில் ஒன்றிலேயே 30 கிராமுக்கு மேல் இருக்கிறது.

நான்காம் படி: ஊட்டாதீர்கள், பரிமாறுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். எனக்கு மிகவும் கடினமாக இருந்ததும் இதுதான்.

என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும்; சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்ய வேண்டும். அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் வகுத்த முறை இது. எங்கள் வீட்டில் இதைச் சுருக்கி வைத்திருக்கிறோம்: தட்டு எங்கள் பொறுப்பு, வயிறு அவர்கள் பொறுப்பு.

எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். கைபேசிகள் வேறு அறையில் இருக்கட்டும், அப்பாவுடையதும் சேர்த்து. ஒரு சின்னக் கரண்டி சோறு, ஒரு தேக்கரண்டி பொரியல் என்று கொஞ்சமாக வையுங்கள். தயிரோ ரசமோ, பிள்ளைக்கு நிச்சயமாகப் பிடிக்கும் ஒன்று எப்போதும் இருக்கட்டும். கேட்டால் மறுபடி வையுங்கள். "இன்னும் ஒரு வாய்" என்ற சொல்லே வேண்டாம். "காயைத் தின்றால் ஐஸ்கிரீம்" என்பதும் வேண்டாம். காய் தண்டனை, ஐஸ்கிரீம் பரிசு என்று நாமே கற்றுக்கொடுப்பதாகிவிடும். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். திட்ட வேண்டாம், முகம் சுளிக்கவும் வேண்டாம்.

முதல் நாள் இரவு மகன் சாம்பார் சாதத்தைப் பிசைந்து தட்டின் ஓரத்தில் சுவர் கட்டினான். கைபேசி கேட்டு அழுதான். நான்கு வாய் தின்றிருப்பான், எழுந்துவிட்டான். மாமியார் கண் கலங்கிவிட்டார். "பச்சைப் பிள்ளையைப் பட்டினி போடுகிறாயே அம்மா." அவர் ஊட்டி வளர்த்த கை, அந்த வலி பொய்யில்லை. "பத்து நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் அத்தை, எடை குறைந்தால் நானே ஊட்டிவிடுகிறேன்" என்றேன். மறுநாள் காலை அவனே வந்து தோசை கேட்டான். ஆனாலும் முழுதாகச் சீராக மூன்று வாரம் ஆனது. இன்று அத்தை அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்கிறார், கை அவனுடையது.

ஐந்தாம் படி: ஒரு காயைப் பத்து முறையாவது தட்டில் காட்டுங்கள்

புதிய சுவையைப் பிள்ளைகள் ஏற்க 8 முதல் 15 முறை வரைகூட ஆகலாம். நாம் இரண்டாம் முறையிலேயே "அவனுக்குப் பீர்க்கங்காய் ஆகாது" என்று எழுதி ஒட்டிவிடுகிறோம். எங்கள் மகன் அதை முதலில் ஒதுக்கினான், பிறகு தொட்டுப் பார்த்தான், ஒரு நாள் நக்கிவிட்டுத் துப்பினான். பதினோராவது முறை துவையலாக அரைத்தபோது தோசைக்குத் தொட்டுக்கொண்டான். ஒரே காயைக் கூட்டு, பொரியல், துவையல் என்று மாற்றி வையுங்கள். மாவுக்குள் அரைத்து ஒளித்துக் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கேரட்டைக் கண்ணால் பார்த்துத் தின்றால்தானே கேரட் பழகும்.

ஆறாம் படி: அடுப்படிக்கு அழைத்து வாருங்கள்

5 வயதில் கீரை ஆயலாம், பட்டாணி உரிக்கலாம். 10 வயதில் உழவர் சந்தையில் காய் பொறுக்கலாம். 14 வயதில் தோசை வார்க்கலாம், தாளிக்கலாம். ஆண் பிள்ளைக்கும் இதே வேலைதான்.

ஏழாம் படி: வளரிளம் பருவத்தினரிடம் பேச்சை மாற்றுங்கள்

மகளிடம் நேரம் போட்டு நடத்த முடியாது. அவளோடு உட்கார்ந்துதான் முடிவெடுத்தோம். காலையில் பசிக்கவில்லை என்றாள். இரவுச் சாப்பாட்டை 9.30லிருந்து 8 மணிக்குக் கொண்டுவந்தோம். ஒரு வாரத்தில் காலைப் பசி வந்தது. டியூஷனுக்கு முன் வயிறு நிறையச் சாப்பிட்டுப் போனால், திரும்பும் வழியில் ஃப்ரைடு ரைஸ் கடை அவ்வளவாக இழுப்பதில்லை. சனிக்கிழமை இரவு எல்லோருமாகச் சேர்ந்து பரோட்டா சாப்பிடுகிறோம். தடை போட்டிருந்தால் அதை ஒளித்துத் தின்றிருப்பாள்.

பெண் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்தை மறக்காதீர்கள். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கீரையும் பயறும் செய்யும் நாளில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூடச் சேருங்கள். அவற்றின் வைட்டமின் சி இரும்பை உடல் ஈர்க்க உதவும். டீயும் காபியும் அதைத் தடுக்கும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது அவற்றைத் தள்ளி வையுங்கள்.

பிள்ளையின் உடம்பைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள். "குண்டாகிவிட்டாய்", "ஒல்லிக்குச்சி" என்று விருந்தாளி சொன்னாலும், "அப்படிச் சொல்லாதீர்கள் சித்தி" என்று பிள்ளையின் காதுபடச் சொல்லுங்கள்.

டாக்டரிடம் எப்போது போக வேண்டும்

எடை குறைந்தால், உயரம் கூடாமல் நின்றால், திட உணவை விழுங்கவே திணறினால், பச்சரிசி, சாக்பீஸ், மண் என்று தின்ன ஆரம்பித்தால் காத்திருக்காதீர்கள். வளர்ந்த பிள்ளை எடைக்குப் பயந்து வேளைகளைத் தவிர்த்தாலோ, சாப்பிட்டவுடன் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாலோ, மாதவிடாய் நின்றாலோ உடனே காட்டுங்கள். முதல் வாரம் எழுதிய அந்த நோட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பிள்ளை என்ன சாப்பிடுகிறது, எப்போது சாப்பிடுகிறது என்று டாக்டர் கேட்கும்போது அதைப் பிரித்துக் காட்டலாம்.