மாதிரி ரயில் அமைப்புக்கு இயங்கும் சுழல்மேடை செய்யும் முறை

நீராவி இன்ஜினை முகம் மாற்றித் திருப்பவும், இன்ஜின் கொட்டகையின் பல தடங்களுள் வேண்டிய ஒன்றில் கொண்டு சேர்க்கவும் பயன்படும் சுழல்மேடையைச் செய்ய முனைபவர்கள் பெரும்பாலும் எந்த மோட்டார் வாங்கலாம் என்பதிலிருந்தே தொடங்குகிறார்கள். மோட்டார் கடைசியாக முடிவு செய்ய வேண்டிய பொருள். சுழல்மேடை என்பது வட்டப் பள்ளத்துக்குள் நடு அச்சில் சுழலும், தண்டவாளம் பதித்த ஒரு பாலம். நடு அச்சு ஆட்டமின்றி நின்று, பள்ளத்தின் வட்டமும் சுற்றியுள்ள தடங்களும் அந்த ஒரே மையத்திலிருந்து அளக்கப்பட்டிருந்தால், கையால் சுழற்றினாலும் இன்ஜின் தடம் புரளாது. மையம் பிசகிவிட்டால், எவ்வளவு நுட்பமான மின்னணுக் கட்டுப்பாடும் அதைச் சரிசெய்துவிடாது.

முதலில் பாலத்தின் நீளத்தை முடிவு செய்யுங்கள். உங்களிடம் உள்ள மிக நீளமான இன்ஜினின் முதல் சக்கரத்திலிருந்து அதன் டெண்டரின் (நிலக்கரியும் நீரும் சுமக்கும் பின்வண்டியின்) கடைசிச் சக்கரம் வரை அளந்து, அதனுடன் குறைந்தது 20 மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள், இன்ஜினை இம்மியும் பிசகாமல் நிறுத்தினால்தான் மேடை சுழலும் என்ற நிலை வந்தால் ஒவ்வொரு முறையும் எரிச்சல்தான் மிஞ்சும். 1:87 அளவுள்ள ஹெச்.ஓ. அமைப்பில் 300 மி.மீ. பாலம் என்பது உண்மையில் ஏறத்தாழ 26 மீட்டர் நீளமுள்ள மேடைக்குச் சமம். நடுத்தர இன்ஜின்களுக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் யூனியன் பசிபிக் ரயில்வேயின் ‘பிக் பாய்’ போன்ற ராட்சத இன்ஜின் டெண்டருடன் சேர்த்து 40 மீட்டருக்கும் அதிக நீளமுடையது என்பதால், அதன் மாதிரி மட்டுமே 460 மி.மீ.-ஐத் தாண்டும். இனி வரும் அளவுகள் அனைத்தும் 16.5 மி.மீ. தண்டவாள இடைவெளி கொண்ட ஹெச்.ஓ. அமைப்பில், 300 மி.மீ. பாலத்துக்கு உரியவை.

பள்ளத்தை வெட்டுவதற்கு முன் பலகையில் மையத்தைக் குறித்து, அங்கே சிறு துளையிட்டு ஓர் ஆணியைச் செருகுங்கள். அந்த ஆணியைச் சுற்றிச் சுழலும் நீண்ட கைப்பட்டையில், மரத்தைக் குடைந்து வெட்டும் ரூட்டர் இயந்திரத்தைப் பொருத்தி, 301 மி.மீ. விட்டத்தில் வட்டத்தை வெட்ட வேண்டும். அப்படி வெட்டினால் பாலத்தின் ஒவ்வொரு முனையிலும் அரை மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும். இடைவெளி இதைவிடக் குறைந்தால் பாலத்தின் முனை உரசக்கூடும். கூடினால் சிறிய சக்கரங்கள் அதில் விழுந்து எழும். பள்ளத்தின் தரைக்கு, மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை 6 மி.மீ. தடிமனில் ஏற்றது, ஏனெனில் அதன் பரப்பு சமமாக இருக்கும். தரைக்கும் தண்டவாளத்துக்கும் இடையே 20 முதல் 25 மி.மீ. ஆழம் இருந்தால் தோற்றம் பொருத்தமாக இருக்கும். அந்த ஆணித் துளையை அழித்துவிடாதீர்கள். அச்சுக்கான பெரிய துளையையும் அதையே வழிகாட்டியாகக் கொண்டுதான் இட வேண்டும்.

அச்சுத்தண்டுக்கு 8 மி.மீ. வெளிவிட்டமுள்ள பித்தளைக் குழாயைப் பரிந்துரைக்கிறேன். அதன் உட்புறம் வழியாக மின்கம்பிகளை மேலே கொண்டுசெல்லலாம், 8 மி.மீ. துளையும் 22 மி.மீ. வெளிவிட்டமும் கொண்ட 608 வகை பேரிங்கும் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஒரே ஒரு பேரிங்கைக் கொண்டு இந்த வேலையை முடிக்க நினைக்காதீர்கள். இரண்டு பேரிங்குகளை ஒன்றின் கீழ் ஒன்றாகக் குறைந்தது 50 மி.மீ. தள்ளிப் பொருத்த வேண்டும். காரணம் எளிய கணக்குதான்: பாலத்தின் பாதி நீளம் 150 மி.மீ., பேரிங்குகளுக்கு இடையிலான தூரம் 50 மி.மீ. என்றால், பேரிங்கில் உள்ள 0.1 மி.மீ. ஆட்டம் பாலத்தின் முனையில் மூன்று மடங்காகி 0.3 மி.மீ. ஏற்ற இறக்கமாகத் தெரியும். தூரத்தை இரட்டிப்பாக்கினால் அந்த ஏற்ற இறக்கம் பாதியாகக் குறையும். நான் முதலில் செய்த மேடையில் பேரிங்குகளை நெருக்கமாக வைத்துவிட்டு, இன்ஜின் ஏறும்போதெல்லாம் முனை தாழ்வதற்கு வேறு காரணங்களைப் பல நாள் தேடிக்கொண்டிருந்தேன்.

பாலத்தின் முனைகளில் சிறு சக்கரங்களும், அவை ஓடப் பள்ளத்தின் ஓரத்தில் வட்டத் தண்டவாளமும் இருக்கும். எடை முழுவதையும் நடு அச்சே தாங்கட்டும். முனைச் சக்கரங்களுக்கும் வட்டத் தண்டவாளத்துக்கும் இடையே ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி விடுங்கள். இன்ஜின் ஒரு முனையில் ஏறும்போது அந்தப் பக்கம் இலேசாக அழுந்தும். அப்போது மட்டும் சக்கரம் தண்டவாளத்தைத் தொட்டுத் தாங்கும். சக்கரங்கள் எப்போதும் அழுந்தியபடியே இருந்தால், வட்டத் தண்டவாளத்தின் ஒவ்வொரு மேடுபள்ளமும் பாலத்தைத் தூக்கிப் போடும்.

மின்சாரம்தான் பலரையும் குழப்பும் பகுதி. பாலம் 180 பாகை திரும்பியதும் அதன் இடது தண்டவாளம் வலது பக்கத்துக்கு வந்துவிடுகிறது. அதன் மின்முனை மாறாமல் இருந்தால், இன்ஜினின் சக்கரங்கள் பாலத்தையும் வெளித்தடத்தையும் ஒருசேரத் தொடும் கணத்திலேயே குறுக்குச் சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்படும். இதற்கு எளிய தீர்வு பிளவு வளையம். செப்புப் பூச்சுள்ள சர்க்யூட் பலகையிலிருந்து ஏறத்தாழ 40 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தை வெட்டி, அதன் செப்புப் பரப்பை நடுக்கோட்டில் பிளந்து இரண்டு அரைவட்டங்களாக்கி, அச்சுத்தண்டின் கீழ்ப்பகுதியில் பொருத்துங்கள். செப்பு எந்த இடத்திலும் பித்தளைக் குழாயைத் தொடக் கூடாது. ஒவ்வொரு அரைவட்டத்திலிருந்தும் ஒரு கம்பி குழாய் வழியாக ஏறிப் பாலத்தின் ஒரு தண்டவாளத்தைச் சேரும். அசையாத சட்டத்தில் நேரெதிராக நிறுத்திய இரண்டு பாஸ்பர் வெண்கலப் பட்டைகள் அந்தச் செப்பைத் தொட்டு மின்சாரம் தரும்.

பிளவின் அகலம், பட்டை செப்பைத் தொடும் முனையின் அகலத்தைவிடக் கட்டாயம் அதிகமாக இருக்க வேண்டும், 2 மி.மீ. அகலப் பிளவு வைத்துக்கொண்டு, பட்டையின் முனையைக் குறுகலாக மடித்துக்கொள்வது நல்லது. இல்லையெனில் ஒரு பட்டை பிளவைக் கடந்து, மற்றது கடக்காத நொடியில் இரண்டும் ஒரே அரைவட்டத்தைத் தொட்டுவிடும். பாலம் எந்தத் தடத்துக்கும் நேராக இல்லாத கோணத்தில் இந்த மாற்றம் நிகழும்படி பட்டைகளை நிறுத்துங்கள். அந்தக் கோணத்தின் இருபுறமும் உள்ள வெளித்தடங்களின் இணைப்பு ஒன்றுக்கொன்று தலைகீழானது: மையத்தில் நின்று வெளியே பார்த்தால், ஒரு பாதியில் உள்ள தடங்களுக்கு இடப்புறம் செல்லும் கம்பியே மறுபாதியில் வலப்புறம் செல்ல வேண்டும். டிசிசி முறையில் (தண்டவாளம் வழியே இலக்கமுறைக் கட்டளை அனுப்பி) ஓட்டுபவர்கள் பிளவு வளையத்துக்குப் பதிலாக இரண்டு முழு வளையங்களையும், மின்முனையைத் தானே மாற்றும் கருவியையும் பயன்படுத்தலாம்.

இனி மோட்டார். ஒரு சுற்றுக்கு 200 படிகள் நகரும் சாதாரண ஸ்டெப்பர் மோட்டாரை நேரடியாக அச்சில் பொருத்தினால், பாலத்தின் முனை ஒரு படிக்கு 4.7 மி.மீ. தாவும், அது எதற்கும் உதவாது. இடையே 40-க்கு 1 விகிதத்தில் புழுப்பல்சக்கரம் (வார்ம் கியர்: திருகு போன்ற தண்டு பல்சக்கரத்தைச் சுழற்றும் அமைப்பு) வைத்தால் ஒரு சுற்று 8,000 படிகளாகி, முனையின் நகர்வு 0.12 மி.மீ. அளவுக்குச் சுருங்குகிறது. அத்துடன் புழுப்பல்சக்கரம் பாலத்தின் பக்கத்திலிருந்து தள்ளினால் சுழலாது என்பதால், பாலம் நின்றபின் மோட்டாரின் மின்சாரத்தை நிறுத்திவிடலாம். பல்சக்கரங்களுக்கு இடையே எப்போதும் சிறிது தளர்வு இருக்கும். ஆகவே பாலம் ஒவ்வொரு தடத்தையும் ஒரே திசையிலிருந்து மட்டுமே நெருங்கும்படி, மோட்டாரை இயக்கும் ஆர்டுவினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகைக்கு நிரலை எழுதுங்கள். எதிர்த்திசையில் வந்தால் சில படிகள் தாண்டிச் சென்று திரும்பி வரட்டும். பாலத்தின் அடியில் ஒரு சிறு காந்தமும் தரையில் அந்தக் காந்தத்தை உணரும் ஒரு ஹால் சென்சாரும் வைத்து, மின்சாரம் போட்டவுடன் பாலம் அந்த இடத்தைத் தேடிச் சென்று எண்ணத் தொடங்குமாறு செய்ய வேண்டும். ஒரு முழுச் சுற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டால் பார்ப்பதற்கு உண்மையான மேடையின் கனம் தெரியும்.

இவை எல்லாம் இயங்கிய பிறகே வெளித்தடங்களை இடுங்கள். முதல் தடத்துக்கு, பாலத்தைப் பூட்டி நிறுத்திவிட்டு, ஒரே நீளமான தண்டவாளத்தைப் பாலத்தின் மேலிருந்து பள்ளத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே வரை பதியுங்கள். விளிம்பின் இருபுறமும் சர்க்யூட் பலகைத் துண்டுகளை உறுதியாக ஒட்டி, தண்டவாளத்தை அவற்றில் சால்டர் செய்த பிறகு, இடைவெளிக்கு மேலே நுண்பல் ரம்பத்தால் வெட்டினால் இரு முனைகளும் இயல்பாகவே நேராக நிற்கும். துண்டுகளின் செப்புப் பூச்சை இரு தண்டவாளங்களுக்கும் நடுவே கீறிப் பிரிக்க மறக்கக் கூடாது. மற்ற தடங்களுக்கு, பாலத்தின் தண்டவாளங்களுக்கு நடுவே அமரும் நேரான உலோகச் சட்டத்தை வெளியே நீட்டி, அதை ஒட்டிச் சால்டர் செய்யுங்கள். தடங்களுக்கு இடையே 10 பாகை விட்டால் விளிம்பில் 26 மி.மீ. கிடைக்கும், குறுக்குக்கட்டைகளின் ஓரங்களைச் சிறிது வெட்டினால் போதும். தண்டவாள முனைகளின் மேல்விளிம்பையும் உள்விளிம்பையும் அரத்தால் இலேசாகத் தேய்த்து, ஒவ்வொரு தடமும் நேராக நிற்கும் படியெண்ணை நிரலில் பதிவு செய்யுங்கள். பிறகு உங்களிடம் உள்ளவற்றுள் மிக எளிதாகத் தடம் புரளும் வண்டியை எடுத்து, ஒவ்வொரு தடத்திலும் இரு திசையிலும் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள்; அது தடுக்கும் இடத்தில் மட்டும் அந்த எண்ணை ஒன்றிரண்டு படிகள் கூட்டியோ குறைத்தோ திருத்தினால் போதும்.