மலையகத்தில் குளிர்பானம்: குளிரை நம்பிச் செய்யும் தவறுகள்

மலை ஊற்றிலிருந்து குழாய் வழியாக விழும் பீலித் தண்ணி பல் கூசுமளவு சில்லென்று வரும், தூசு தும்பு இருக்காது. அதனாலேயே சுத்தம் என்று நம்பிக் குடித்துவிடுகிறோம். ஊற்றுக்கு மேலே லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) இருந்தால் செங்கண்மாரிக் கிருமி கண்ணுக்குத் தெரியாமல் இறங்கிவரும். உறையவைத்தாலும் அது சாகாது. ஆகவே ஐஸ் கட்டிக்கும் கொதித்தாறிய தண்ணீர்தான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். கிருமி சாக அந்தச் சூடு போதும். ஆனால் கேத்தல் அடியில் சிறு குமிழி கண்டவுடன் இறக்கக் கூடாது. தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் விடுங்கள். இன்னும் உயரமான ஹோர்ட்டன் சமவெளியில் 3 நிமிடம்.

அதிகம் சொதப்புவது வீட்டில் போடும் ஜிஞ்சர் பியர். கொழும்பு வெக்கையில் ஒரே நாளில் பொங்கும் ஈஸ்ட், 16 பாகைக் குளிரில் நாலு நாள்கூட எடுக்கும். மறுநாள் குமிழியைக் காணோமென்று இன்னும் ஈஸ்ட், இன்னும் சீனி போட்டு, போத்தலை அடுப்பங்கரையில் கொண்டுபோய் வைப்பார்கள். இரவோடிரவாக எல்லாம் சேர்ந்து பொங்கி, போத்தல் வெடிக்கும்.

2 லீற்றர் தண்ணீருக்கு 100 கிராம் இஞ்சி, 200 கிராம் சீனி, இரண்டு தேசிக்காய், கால் தேக்கரண்டி ஈஸ்ட். அதற்கு மேல் வேண்டாம். இஞ்சியைத் தட்டி, சீனியோடு கொதிக்கவைத்து வடித்து, கை பொறுக்கும் வெதுவெதுப்புக்கு வந்தபிறகே தேசிப்புளியும் ஈஸ்டும். சுடச்சுடப் போட்டால் ஈஸ்ட் செத்துப்போகும். கண்ணாடிப் போத்தல் ஆகவே ஆகாது. பிளாஸ்டிக் சோடாப் போத்தலில் மூன்று விரற்கடை இடம் விட்டு மூடி, தினமும் அமுக்கிப் பாருங்கள். விரலுக்கு அமுங்காமல் விறைத்ததும் பிரிட்ஜில் வையுங்கள். அங்கேயும் ஈஸ்ட் சும்மா இருக்காது. ஒரு கிழமைக்குள் முடித்துவிடுங்கள். சிறிதளவு மதுசாரமும் சேரும் என்பதால் பிள்ளைகளுக்கு இது சரிவராது.

தேயிலை விளையும் ஊரிலேயே ஐஸ் டீ கலங்கிப்போனால் கொட்டிவிடுகிறார்கள், பாவம். அது கெட்டுப்போகவில்லை. கடுஞ்சாயம் ஆறும்போது கஃபீனும் சாயப்பொருள்களும் ஒன்றோடொன்று ஒட்டிக் கலங்குகின்றன; கொஞ்சம் கொதிநீர் விட்டால் தெளியும். கலங்கவே கூடாதென்றால், கொதித்தாறிய 1 லீற்றர் தண்ணீரில் 10 கிராம் இலைத் தேயிலை போட்டு, இரவு முழுக்க பிரிட்ஜில் வைத்து வடியுங்கள். டஸ்ட் எனும் தூள் தேயிலை எடுத்தால் வடியில் நிற்காமல் அடியில் சேறாகப் படியும்.

தேசிக்காய்த் தண்ணீரில் முதலில் சீனியைக் கரைத்துவிட்டு ஐஸ் போடுங்கள். தோல் நசுங்கப் பிழிந்தால் கசக்கும்.

கடைச் சோடாவைச் சீக்கிரம் குளிரட்டுமென்று ஐஸ் அறையில் வைத்து மறந்தால், உறையும் தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் பருத்துக் கண்ணாடியைப் பிளக்கும். வாங்கும்போது போத்தலிலுள்ள நிற அடையாளத்தையும் பாருங்கள். இலங்கையில் 2016 முதல் நடைமுறையிலுள்ள அந்தக் குறியீட்டில் சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. கிரீம் சோடாவோ நெக்டோவோ, தாகத்துக்குக் குடிக்கும் சாமான் அல்ல.

குளிரில் தாகம் தெரியாது. கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் தாகம் வரும்வரை காத்திராமல் இடையிடையே குடிக்க வேண்டும். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை. கொண்டுபோகும் கேனும் முக்கியம்: களைநாசினி வந்த கேனை எத்தனை தரம் கழுவினாலும் குடிதண்ணீருக்கு எடுக்காதீர்கள்.