போன் வீட்டில், பேச்சு வகுப்பில்: வட்ஸ்அப்பை வைத்துப் பிள்ளைகளைப் பேசவைப்பது எப்படி?

என் தரம் 10 விஞ்ஞான வகுப்பில், பின்வரிசையில் யன்னலோரம் இருக்கும் ஒரு பிள்ளை ஐந்து மாதமாக வாய் திறக்கவில்லை. பெயரைக் கூப்பிட்டால் எழும்பி நிற்பாள். கேள்வி கேட்டால் கொப்பியைப் பார்ப்பாள். ஐப்பசி மாதம் ஒரு நாள், "விதைக்க நல்ல நெல்லை எப்படித் தெரிந்தெடுப்பீர்கள்?" என்று வகுப்பு வட்ஸ்அப் குறூப்பில் கேட்டிருந்தேன். இரவு 7.52க்கு அவளிடமிருந்து ஒரு வொய்ஸ் (குரல் பதிவு) வந்தது. பதினாறு செக்கன். பின்னால் நாய் குரைக்கிறது, யாரோ சட்டி கழுவுகிறார்கள். அதற்கு நடுவில் மெல்லிய குரல்: "ரீச்சர், விதைநெல்லு போடுற தண்ணிக்குள்ள முதல்ல முட்டையைப் போட்டுப் பாக்கிறதாம். முட்டை மிதக்கிற வரைக்கும் உப்புக் கரைக்கவேணுமாம். அம்மம்மா சொன்னவ."

அடுத்த நாள் காலை அவளைத் தனியே கூப்பிட்டு, "இதை வகுப்பில போடலாமோ?" என்று கேட்டேன். தலையாட்டினாள். சின்ன ஸ்பீக்கரில் போட்டேன். எல்லாரும் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசைப் பையன் ஒருவன், "ஏன் முட்டை? நெல்லை நேர போட்டா என்ன?" என்று கேட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. அவள்தான் எழும்பி, "வெறும் தண்ணியில அரைவாசி சப்பியும் தாழ்ந்துபோகுமெல்லோ" என்றாள். சப்பி என்றால் உள்ளே மணி முற்றாத நெல். மிதத்தல், அடர்த்தி என்று நான் இரண்டு பாடவேளை ஒதுக்கிவைத்திருந்ததில் பாதியை அந்தப் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் தாங்களே பேசி முடித்தார்கள்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கத்தில் படிப்பிக்கிறேன். அந்த நாளுக்குப் பிறகு இரண்டு வருடமாகச் செய்துவருவதை, செய்துபார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் போன் கொண்டுவரக் கூடாது. நானும் கொண்டுவரச் சொல்லமாட்டேன். ஆகவே இது வகுப்பில் போன் பாவிக்கும் முறை இல்லை. கேள்வி இரவில் வீட்டுக்குப் போகிறது, பதில் காலையில் வகுப்புக்கு வருகிறது. நடுவில் அதைச் சுமந்து போய்வருகிற வேலைதான் வட்ஸ்அப்புக்கு. 2020 பங்குனியில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடியபோது எல்லாரும் குறூப் தொடங்கினோம். நோட்ஸைப் படம் பிடித்து இருபது முப்பது பக்கம் அனுப்பினோம். பிள்ளைகள் பார்த்தார்களா, எழுதினார்களா என்று யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடம் திறந்ததும் அந்தக் குறூப்புகள் காலை வணக்கப் பூப்படங்களோடு தூங்கிப்போயின. நோட்ஸ் கொப்பியில் இருக்கட்டும். குறூப்புக்குள் கேள்வி மட்டும் போகட்டும்.

தொடங்குவதற்கு முன் ஒரு கிழமை எடுத்து, பிள்ளைகளிடம் கடதாசியில் மூன்று விடயம் கேட்டு எழுதி வாங்குங்கள். வீட்டில் வட்ஸ்அப் உள்ள போன் இருக்கிறதா? அது யாருடையது? எத்தனை மணிக்கு வீட்டில் இருக்கும்? கையை உயர்த்தச் சொல்லிக் கேட்காதீர்கள். போன் இல்லாத பிள்ளை எல்லார் முன்னாலும் கையைக் கீழே வைத்திருக்க வேண்டிவரும். என் வகுப்பில் 34 பேர். 22 வீட்டில் போன் இருந்தது. அதில் பாதிக்கு மேல் அம்மாவின் போன். கார்மென்ட்ஸுக்குப் போகிற அம்மாமாரின் பஸ் வந்து சேரவே ஏழு மணி. அதனால்தான் என் கேள்வி 7.30க்குப் போகிறது. உங்கள் ஊரில் கடலுக்குப் போகிற வீடுகள் அதிகம் என்றால் நேரம் வேறாக இருக்கும். கடதாசியைப் பார்த்து முடிவெடுங்கள்.

மிச்சம் 12 பேரை என்ன செய்வது என்பதைத் தீர்க்காமல் இதைத் தொடங்கவே வேண்டாம். நான் செய்வது இது: கடைசி மணிக்கு முன் அன்றைய கேள்வியைக் கரும்பலகையின் வலது மூலையில் எழுதிவிடுவேன். இரவு குறூப்பில் போவதும் அதே கேள்வி, அதே சொற்கள். போன் இல்லாத பிள்ளை பதிலைத் துண்டில் எழுதிக்கொண்டு வரும். காலையில் நான் முதலில் வாசிப்பது அந்தத் துண்டுகளைத்தான், பிறகுதான் வொய்ஸ். இரண்டு மூன்று கிழமையில் போன் உள்ள பிள்ளைகள் சிலரும் துண்டு எழுதத் தொடங்கினார்கள், முதலில் வாசிக்கப்படும் என்பதற்காக. எனக்கு அது பெரிய சந்தோசம்.

இனி குறூப். அதிபரிடம் எழுத்தில் அனுமதி எடுங்கள், பெற்றோர் கூட்டத்தில் சொல்லுங்கள். வட்ஸ்அப்புக்குக் குறைந்த வயது 13. தரம் 10 பிள்ளைகள் அதைத் தாண்டியவர்கள்தான், என்றாலும் நான் சேர்ப்பது பெற்றோரின் இலக்கத்தை மட்டும். இன்னொரு ஆசிரியரையும் அட்மினாகப் போடுங்கள். எந்தப் பிள்ளையோடும் தனிச் செய்தியில் பேசுவதில்லை என்பதை முதல் நாளே சொல்லி, அதன்படியே நடவுங்கள். தனியே வருகிற கேள்விக்கு, "குறூப்பில போடுங்கோ, இல்லாட்டி நாளைக்கு வகுப்பில கேளுங்கோ" என்று ஒரே பதில்தான். பெண்பிள்ளைகளின் பெற்றோர் இந்த ஒரு விடயத்தால்தான் என்னை நம்பிப் போனைக் கொடுக்கிறார்கள்.

குறூப் செற்றிங்ஸில் அட்மின் மட்டும் செய்தி அனுப்பலாம் என்று மாற்றும் வசதி இருக்கிறது. பகல் முழுக்க அதைப் பூட்டிவைப்பேன். 7.30க்குத் திறந்து கேள்வியைப் போட்டு, 8.30க்குப் பூட்டுவேன். இந்த ஒரு மணி நேரக் கட்டுப்பாடு வந்த பிறகு பூப்படமும் வதந்தியும் நின்றன. பெற்றோருக்கும் போன் திரும்பக் கிடைக்கும் நேரம் தெரிந்தது.

பதில் எழுத்தில் வேண்டாம், வொய்ஸில் வரட்டும். காரணம் இரண்டு. ஒன்று டேட்டா. ஒரு நிமிட வொய்ஸ் சில நூறு கிலோபைட்டுக்குள் முடியும், வீடியோ என்றால் பல மெகாபைட் போகும். றீலோட் போட முடியாத நாளிலும் மிச்சமிருக்கிற டேட்டாவில் ஒரு வொய்ஸ் போய்விடும். மற்றது பயம். போனில் தமிழ் தட்டச்சுத் தெரியாத பிள்ளை, எழுத்துப் பிழைக்குப் பயந்த பிள்ளை, வகுப்பில் சிரிப்பார்கள் என்று பயந்த பிள்ளை, எல்லாரும் அம்மம்மாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பேசுவார்கள். இருபது செக்கனுக்கு மேல் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் காலையில் கேட்டு முடிக்க உங்களுக்கு நேரம் இருக்காது.

இதில் பெரிய வேலை கேள்வியைக் கண்டுபிடிப்பதுதான். நான் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கிழமைக்கு இரண்டு கேள்வி யோசிப்பேன். இரண்டுக்கு மேல் போனால் பிள்ளைகள் களைத்துவிடுவார்கள். பாடப்புத்தகத்தில் பார்த்துப் பதில் சொல்லக்கூடிய கேள்வியை நான் அனுப்புவதில்லை. அது வீட்டில், வளவில் இருக்கிற ஒன்றைப் பார்த்தோ, வீட்டில் ஒருவரைக் கேட்டோ சொல்லவேண்டியதாக இருக்கவேண்டும். "அடர்த்தி என்றால் என்ன?" என்று கேட்டிருந்தால் அந்தப் பிள்ளை இன்றைக்கும் கொப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் அனுப்பிய கேள்வி, "விதைக்க நல்ல நெல்லை எப்படித் தெரிந்தெடுப்பீர்கள்? வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள்" என்பது. மற்றப் பாடவேளைக்கு ஒரு வாளித் தண்ணீர், ஒரு பக்கற் உப்பு, ஒரு முட்டை, ஒரு பிடி நெல் கொண்டுபோனேன். உப்புக் கூடக்கூட முட்டை எழும்பி, அதன் தலை ஒரு காசளவு வெளியே தெரிந்தது. நெல்லைப் போட்டோம். சப்பியும் அரைகுறையும் மேலே வந்தன, முற்றிய மணி கீழே இருந்தது. விதைப்பதற்கு முன் நெல்லை நல்ல தண்ணீரில் கழுவவேண்டும் என்று ஒரு தாத்தா வொய்ஸில் சொல்லியிருந்தார். உப்பு முளையைக் கெடுக்கும். அதையும் போட்டுக் காட்டினேன்.

நன்றாக வேலை செய்த இன்னொன்று குளம். மாரியில் முத்தையன்கட்டுக் குளம் நிறைந்து வான் பாய்ந்த நேரம், நானே தள்ளி நின்று குளக்கட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். "கட்டு மேலே ஒடுக்கம், அடியில் அகலம். ஏன்?" பத்தொன்பது பதில். மண் சரிந்துவிடும் என்றார்கள் பலர். அதுவும் சரிதான். ஒரு பையன் மட்டும், "ஆழத்தில தண்ணி கூடத் தள்ளும் ரீச்சர், கிணத்துக்க சுழியோடேக்க காது நோகிறமாதிரி" என்றான். திரவ அமுக்கத்துக்கு அதைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைக்காது. அன்றிலிருந்து அந்தப் பாடத்தை அவன் காதிலிருந்துதான் தொடங்குகிறேன்.

படத்தை நான் எடுத்தேன் என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. வன்னியில் பிள்ளைகளை வெளியே அனுப்பும் கேள்வி கேட்பதாக இருந்தால் கவனம் வேண்டும். பொழுதுபட்டால் எங்கள் பக்கம் யானை வரும். வான் பாய்கிற குளத்துக்குக் கிட்டப் பிள்ளை போகக் கூடாது. கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்களும் இன்னும் இருக்கின்றன, சிவப்புப் பலகை போட்ட பக்கம் யாரும் போகக் கூடாது. ஆகவே என் கேள்வி எல்லாமே வீட்டுக்குள்ளோ வளவுக்குள்ளோ செய்யக்கூடியவை.

இன்னொன்றை மனவருத்தத்தோடு சொல்கிறேன். முதல் வருடம், பரம்பரை பற்றிய பாடத்துக்கு, "அப்பா அம்மாவின் பழைய படம் ஒன்றை அனுப்புங்கள், யாரைப்போல இருக்கிறீர்கள் என்று பார்ப்போம்" என்று கேட்டுவிட்டேன். அன்றிரவு நாலைந்து படம்தான் வந்தது. காலையில் ஒரு பிள்ளை மேசையில் தலையைக் கவிழ்த்தபடி இருந்தான். 2009இல் எத்தனை வீடுகளில் அல்பம் போனது, எத்தனை வீடுகளில் படத்தில் இருக்கவேண்டியவரே போனார் என்பது எனக்குத் தெரியாததா? நானும் அதே பாதையால் நடந்து வந்தவள்தான். அவனிடமும் அவன் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். இப்போது அந்தப் பாடத்துக்கு, "நாக்கைச் சுருட்ட வருகிறதா? காதுச் சோணை ஒட்டியிருக்கிறதா, தொங்குகிறதா?" என்று பிள்ளையைப் பற்றி மட்டும் கேட்கிறேன். குடும்பப் படம் கேட்காதீர்கள். போர்க்காலத்தைப் பற்றிய கேள்வியும் வேண்டாம். அவர்களாகச் சொன்னால் நின்று கேளுங்கள்.

புள்ளிகளையும் குறூப்பில் போடவேண்டாம். ஒரு தவணை போட்டேன். ஒரு பையன் மூன்று நாள் பள்ளிக்கூடம் வரவில்லை.

காலையில் செய்வதுதான் பிள்ளையைப் பேசவைக்கிறது. இரவில் நான் எந்தப் பதிலுக்கும் சரி, பிழை சொல்வதில்லை. பெருவிரல்கூடப் போடுவதில்லை. போட்டால் மற்றவர்கள் அதைப் பார்த்து அதையே திருப்பிச் சொல்வார்கள். ஒன்றோடொன்று முரண்படும் இரண்டு மூன்று வொய்ஸைத் தெரிந்தெடுத்து, அனுப்பிய பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு, வகுப்பில் போடுவேன். "யார் பக்கம் நிற்கிறீர்கள், ஏன்?" என்பேன். பத்து நிமிடம். அதற்குப் பிறகுதான் புத்தகம் திறக்கும். வட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு வசதி இருக்கிறது, பார்க்கக் கவர்ச்சியாகவும் இருக்கும். ஆனால் யார் எதற்கு வாக்களித்தார் என்று எல்லாருக்கும் தெரிவதால், கெட்டிக்காரப் பிள்ளை போட்டதையே மற்றவர்களும் போடுகிறார்கள். நான் அதை விட்டுவிட்டேன். வகுப்பில் கண்ணை மூடிக் கையை உயர்த்தச் சொன்னால் உண்மையான எண்ணிக்கை வரும்.

பேஸ்புக், டிக்டொக் பக்கம் நான் போகவில்லை. பிள்ளைகளின் முகமும் குரலும் ஊருக்கு வெளியே போகத் தேவையில்லை. ஆனால் அங்கே சுற்றுகிறவை வகுப்புக்கு நல்ல தீனி. மாதம் ஒருமுறை, "வீட்டுக்கு வந்த மருத்துவச் செய்தி ஒன்றைக் கொண்டுவாருங்கள்" என்பேன். கொதிநீரில் தேசிக்காய் போட்டுக் குடித்தால் புற்றுநோய் மாறும் என்ற பழைய வதந்தி ஒவ்வொரு முறையும் வரும். செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். இதை முதலில் சொன்னது யார், என்ன பரிசோதனை, எத்தனை பேரில் செய்தார்கள் என்று மூன்று கேள்வியைப் பலகையில் எழுதிவிட்டு நான் ஒதுங்கிவிடுவேன். அன்றைக்கு இரைச்சல் பக்கத்து வகுப்புக்குக் கேட்கும்.

யாராவது பிள்ளையை மிரட்டினால், படம் கேட்டால், உடனே வீட்டிலோ என்னிடமோ சொல்லவேண்டும் என்றும், அழிக்காமல் வைத்திருக்கவேண்டும் என்றும் சொல்லிவையுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்தைக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதவையுங்கள். வருட முடிவில் குறூப்பைக் கலைத்து, உங்கள் போனில் உள்ள வொய்ஸ்களை அழித்துவிடுங்கள்.

நாளைக்கே தொடங்க விரும்பினால், முதல் கேள்வியாக இதைப் போடுங்கள்: "தேத்தண்ணிக் கேத்திலின் உள்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருக்கிறதா? ஆறிய கேத்திலில் அந்தப் படிவின்மேல் ஒரு துளி தேசிக்காய்ப் புளி விட்டு, காதைக் கிட்ட வையுங்கள். என்ன கேட்கிறது?" எங்கள் பக்கக் கிணற்றுத் தண்ணீருக்கு அநேகமாக எல்லா வீட்டிலும் படிவு இருக்கும். காலையில் வகுப்புக்குப் போகும்போது ஒரு பழைய கேத்திலும் இரண்டு தேசிக்காயும் கொண்டுபோங்கள். போன் இல்லாத பிள்ளை எழுதிய துண்டை முதலில் வாசியுங்கள்.